கடலூர், புதுச்சேரி காலேஜ் பெரியவங்களுக்கு: ப்ராஜெக்ட் டைட்டில் எங்ககிட்ட இருக்கு

துணைவேந்தர் ஐயாமார், பிரின்சிபால், எச்ஓடி சார் மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கடலூர் ஓ.டி.ல, அதாவது ஓல்ட் டவுன்ல, எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். படகுல வர்ற ஜிபிஎஸ், கடல் ஆழம் காட்டற எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட்டு, இதான் தொழில். கூடவே ப்ரோக்ராம் எழுதி ஓட்டற ஆர்டினோ போர்டு, சென்சார், ரிலே இதெல்லாம் விக்கிறேன், அத வாங்க வர்றது பூரா உங்க பசங்கதான். அதனால உங்க கேம்பஸ்குள்ள நான் அதிகமா வந்ததில்லன்னாலும் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எப்படி நடக்குதுன்னு உங்கள விட கிட்டக்க இருந்து பாக்கறேன்னு சொன்னா கோச்சிக்காதீங்க.

பொங்கல் முடிஞ்சா கடையில கூட்டம் ஆரம்பிச்சிடும். "அண்ணா ஸ்மார்ட் டஸ்ட்பின் ரெடிமேடா இருக்கா", "அண்ணா பார்வை இல்லாதவங்களுக்கு குச்சி பண்ணணும், கோடு நீங்களே போட்டு குடுத்துடுங்க", "அண்ணா முகம் பாத்து அட்டெண்டன்ஸ் போடற மாதிரி". வருஷா வருஷம் இதே நாலஞ்சு ஐட்டம்தான். கொஞ்சம் வசதி இருக்கற பசங்க என்கிட்டகூட வர்றதில்ல, நேரா ப்ராஜெக்ட் சென்டர் போயி காசு கட்டினா கிட்டு, கோடு, பிபிடி, ரிப்போர்ட்டு எல்லாம் ஒரே கவர்ல வந்துடும், வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, என்ன கேப்பாங்கன்னுகூட சொல்லி அனுப்பறாங்க. ஒரு பையன்கிட்ட கேட்டேன், இந்த டஸ்ட்பின்ன எந்தத் தெருவுல வைப்பன்னு. "வைவா டேபிள்லண்ணா"ன்னு சிரிக்காம சொன்னான்.

பசங்கள குத்தம் சொல்லல. டைட்டில் குடுக்கறது மேல இருந்து, பேஸ் பேப்பர்னு அடிப்படையா ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வேணும்னு கேக்கறது மேல இருந்து, ஒரு கைடுக்கு இத்தன டீம்னு தலைல கட்டறதும் மேல இருந்துதான். கடைசியா கருப்பு அட்டையில தங்க எழுத்து போட்டு பைண்டிங் பண்ணி டிபார்ட்மென்ட் பீரோவுக்குள்ள போயிடும், சில வருஷம் கழிச்சு பழைய பேப்பர் கடைக்கு. பிஎச்டி தீசிஸாச்சும் ஷோத்கங்காங்கற ஆன்லைன் களஞ்சியத்துல ஏறுது, யாரு வேணா எடுத்து படிக்கலாம். இந்த ப்ராஜெக்டுக்கு அப்படி ஒரு போக்கிடமும் இல்ல, அடுத்த பேட்ச் பசங்களுக்கே அது எங்க இருக்குன்னு தெரியாது. ஒவ்வொரு டீமும் பல மாசம் உக்காந்து செய்யற வேலை, எத்தன காலேஜ், எத்தன டீம், அதெல்லாம் சேத்து பாத்தா இந்தப் பக்கத்துல இதவிடப் பெரிய ஆராய்ச்சிக் கூட்டம் வேற எதுவும் கிடையாது, அது மொத்தமும் ஒரு டேபிள் மேல லைட்டு எரிஞ்சு அணையறதோட முடியுது.

நான் கேக்கறது ஒண்ணுதான். டைட்டில் லிஸ்ட்ட காலேஜுக்குள்ள உக்காந்து தயார் பண்றத விட்டுட்டு எங்க ஊருங்கள்ல இருந்து வாங்கிக்குங்க, வர்ற விடைய எல்லாரும் எடுக்கற மாதிரி திறந்து வையுங்க, ஒரு பேட்ச் விட்ட எடத்துல இருந்து அடுத்த பேட்ச் தொடங்கட்டும். அவ்ளோதான்.

இது எங்கயோ வெளிநாட்டுல மட்டும் நடக்கற சமாச்சாரம்னு நெனச்சிடாதீங்க, நம்ம மண்ணுலயே நடந்திருக்கு. 1998ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா உதவியோட புதுச்சேரி பக்கத்து ஊருங்கள்ல தகவல் மையம் தொடங்கினாங்க, வில்லியனூர்ல தலைமை இடம். அப்ப நம்ம ஊருங்கள்ல இன்டர்நெட்ன்னா என்னன்னு பாதிப் பேருக்கு தெரியாது, கரண்டும் சரியா வராது, அதுக்கு சோலார் போட்டு, ஊருக்கு ஊரு வயர்லெஸ்ல டேட்டா அனுப்பி ஓட்டினாங்க. மொதல்ல ஊருக்குள்ள போயி உங்களுக்கு என்ன தகவல் வேணும்னு கேட்டாங்க. இடம் ஊரு குடுக்கணும், எந்த சாதி ஆளா இருந்தாலும் உள்ள வரலாம்னு இருக்கணும், நடத்தறது உள்ளூர் ஆளுங்க, அதுல பெரும்பாலும் பொம்பளைங்க. வீராம்பட்டினத்துக்காரங்க கேட்டது அலை உசரம். அமெரிக்க கடற்படை வெப்சைட்டுல அது சும்மாவே கெடக்குது, அத எறக்கி தமிழ்ல எழுதி ஸ்பீக்கர்ல சொன்னாங்க. உலகத்துக்கே திறந்து கெடந்த ஒரு டேட்டா, அத எங்க பாஷையில மாத்தி எங்க காதுல விழ வச்சதுதான் அங்க நடந்த புதுமை. புதுசா ஒரு மெஷினும் கண்டுபிடிக்கல பாருங்க.

அதோட பலன் 2004 டிசம்பர் 26 காலைல தெரிஞ்சுது. நல்லவாடுல இருந்து போயி சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டிருந்த ஒருத்தர், அந்த ஊர் தகவல் மையத்துல முன்னாடி தொண்டு வேலை செஞ்சவரு, சுனாமி சேதி தெரிஞ்சு ஊருக்கு போன் போட்டார், ஊர்க்காரங்க மையத்துப் பூட்ட உடைச்சு உள்ள போயி ஸ்பீக்கர்ல கத்தினாங்க, ஊரே மேட்டுக்கு ஓடி தப்பிச்சுது. அலை உசரம் சொல்லத்தான் அந்த ஸ்பீக்கர் வந்துச்சு, சுனாமிக்குன்னு யாரும் வைக்கல. தெனம் பொழங்கற ஒண்ணா இருந்ததால அன்னிக்கு கை தானா அங்க போச்சு. பேரிடருக்குன்னு மட்டும் ஒரு ஆப் பண்ணி வச்சிட்டு வருஷத்துல ஒரு நாள் அத தொறந்து பாருங்கன்னு சொல்றவங்களுக்கு இத நான் அடிக்கடி சொல்லுவேன்.

இன்னொண்ணு எங்க கடலூர் கதை. சிப்காட் தொழிற்பேட்டைய சுத்தி இருக்கற ஈச்சங்காடு, குடிகாடு மாதிரி ஊருங்கள்ல ராத்திரியானா வாடை வரும், தொண்ட எரியும், புகார் குடுத்தா அதிகாரிங்க விடிஞ்சப்புறம் வருவாங்க, அதுக்குள்ள காத்து மாறிடும். 2004 வாக்குல ஊர்க்காரங்களே சேந்து எந்த நேரத்துல எந்தப் பக்கத்துல இருந்து என்ன வாடைன்னு எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க. அதோட ஒரு வாளி. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிதான், உள்ள ஒரு தனி ரகப் பை, வாளிக்குள்ள இருக்கற காத்த பம்ப் வச்சு உறிஞ்சினா பை தானா விரிஞ்சு வெளிக்காத்த உள்ள இழுத்துக்கும், அப்படியே மூடி லேபுக்கு அனுப்ப வேண்டியதுதான். 1990கள்ல அமெரிக்காவுல ஆலைப்புகையில மாட்டிக்கிட்ட ஜனங்களுக்காக பொறந்த டிசைன், யாரு வேணா செஞ்சுக்கலாம்னு விட்டதால கலிபோர்னியால இருந்து ஈச்சங்காடு வரைக்கும் வந்துச்சு. ரிசல்ட் வந்தப்புறம் "நாறுது சார்"ங்கற புகாருக்கு கெமிக்கல் பேரோட ஒரு காகிதம் கெடச்சுது, அத யாராலயும் சும்மா தள்ளிவிட முடியல.

ஆனா அந்தப் பைய டெஸ்ட் பண்ண அமெரிக்கா லேபுக்கு அனுப்ப வேண்டியதா இருந்துச்சு. எனக்கு இன்னமும் உறுத்தறது இதுதான். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் இல்லாத காலேஜ் இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தன இருக்கும்? அன்னிக்கு அந்த மெஷின் இங்க இல்லாம இருந்திருக்கலாம், சரி. இத்தன வருஷத்துல ஊர்க்காரன் ஒரு பாட்டில் தண்ணியோ ஒரு பை காத்தோ எடுத்துட்டு வந்தா வாங்கி பாக்கற ஒரு ஜன்னல் எங்கயாவது திறந்திருக்கா? எனக்குத் தெரிஞ்ச ஒரு விவசாயி போர் தண்ணி உப்பு கரிக்குதுன்னு கேன்ல எடுத்துட்டு ஒரு காலேஜுக்கு போனார், வாட்ச்மேன் கேட்லயே யாரப் பாக்கணும்னு கேட்டார். யாரப் பாக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும், திரும்பி வந்துட்டார்.

நெதர்லாந்துல 1970கள்லயே இந்த ஜன்னல திறந்துட்டாங்க. யுனிவர்சிட்டிக்குள்ளயே ஒரு சின்ன ஆபீஸ், அறிவியல் கடைன்னு பேரு. சங்கம், தெருக்காரங்க, தொழிலாளிங்க யாரு வேணா கேள்வியோட வரலாம். மூணு நிபந்தனைதான், ஆராய்ச்சிக்கு காசு குடுக்க வசதி இல்லாதவங்களா இருக்கணும், லாபம் பாக்கற நோக்கம் இருக்கக் கூடாது, வர்ற விடைய வச்சு ஏதாவது செய்யற நெலமையில இருக்கணும். ஸ்டூடன்ட்ஸ் வாத்தியார் மேற்பார்வையில செய்வாங்க, அவங்களுக்கு மார்க்கு, கேட்டவங்களுக்கு விடை. மூணாவது நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அது கேக்கறவங்களையும் பொறுப்பாளி ஆக்குது, சும்மா தெரிஞ்சுக்கறதுக்கு கேக்க முடியாது பாருங்க.

நீங்க கேப்பீங்க, அப்படி என்னப்பா கேள்வி வச்சிருக்கீங்கன்னு. கடைல வந்து உக்கார்றவங்க கேக்கறதையே சொல்றேன்.

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையில இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தாங்க. தென்பெண்ணைக் கரையில நாணமேடு மாதிரி ஊருங்க முங்கிப் போச்சு. டிவியில கன அடி கன அடின்னு ஓடிட்டே இருக்கு, எங்களுக்கு அந்த நம்பர வச்சு என்ன பண்றது? அணையில இவ்ளோ திறந்தா என் தெருவுக்கு எத்தன மணி நேரத்துல வரும், முட்டி அளவா கழுத்தளவா, மாட்ட அவுத்து விடணுமா இல்ல மோட்டார மட்டும் கழட்டினா போதுமா, இதான் கேள்வி. இதுக்கு பதில் சொல்ல மொதல்ல பழைய வெள்ளம் எங்க எவ்ளோ நின்னுச்சுன்னு தெரியணும். அது செவுத்துல இருக்கு சார். 2015 கறை ஒண்ணு, 2024 கறை ஒண்ணு, வெள்ளையடிச்சா போயிடும். சிவில் டிபார்ட்மென்ட் பசங்கள வருஷா வருஷம் சர்வே கேம்ப்னு லெவல், டோட்டல் ஸ்டேஷன்னு அளக்கற கருவியெல்லாம் தூக்கிட்டு எங்கயாவது மலைக்கு கூட்டிட்டு போறீங்க இல்ல, ஒரு வருஷம் அத தென்பெண்ணைக் கரையிலயும் கெடிலம் கரையிலயும் போடுங்க. ஒவ்வொரு கறையும் கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உசரம்னு எடுத்து யாரு வேணா வரையற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இன்டர்நெட் மேப்ல தெருக்கள வரைஞ்சு அதுக்கு பக்கத்துலயே ஒரு டேபிளா போட்டு வச்சா, அடுத்த வருஷம் ஈசிஇ பசங்க பாலத்துக்கு அடியில நீர்மட்ட சென்சார் வைக்கட்டும், அதுக்கு அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க ரெண்டையும் சேத்து கணக்கு போடட்டும். சென்சார் என் கடையில சில நூறு ரூபாதான், வேணும்னா கடனுக்கும் தரேன். 2015 சென்னை வெள்ளத்துல முங்கின தெருவ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல ஜனங்களே குறிச்சு குடுத்தாங்க, 2018 கேரளா வெள்ளத்துல உதவி கேக்கறவங்களுக்கான கேரளாரெஸ்க்யூ சைட்டு கோடு திறந்து கெடந்ததால எங்கெங்கயோ இருந்து பசங்க கை குடுத்தாங்க. ரெண்டுமே தண்ணி வந்தப்புறம் ஓடி ஓடி செஞ்சது. நான் சொல்றது தண்ணி வர்றதுக்கு முன்னாடி பொறுமையா மார்க்கு வாங்கிட்டே செய்ய முடியற வேலை.

புதுச்சேரிக்காரங்க கேள்வி மணல். 1980கள் கடைசில துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டினதுல வடக்க போற மணல் நின்னு, டவுன் பீச்சு போச்சு, வைத்திக்குப்பம் சோலை நகர்னு வடக்க வடக்க கடல் தின்னுட்டே போயி தமிழ்நாட்டு எல்லை தாண்டி பொம்மையார்பாளையம் வரைக்கும் அரிக்குது, ஒரு எடத்துல கல்லு கொட்டினா அடுத்த குப்பத்துக்கு பிரச்சன நகருது. இதுல மாசா மாசம் மணல அளந்து வைக்க பெரிய கருவி எதுவும் வேணாம். ஒரே உசரத்துல ரெண்டு குச்சி, நடுவுல அளந்த கயிறு, தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோடு, போதும். மேட்டுப் பக்கம் நிக்கறவன் கடல் பக்கத்துக் குச்சி நுனியையும் அந்தக் கோட்டையும் ஒரே நேருக்கு கொண்டு வந்து, அது தன் குச்சியில எங்க வெட்டுதுன்னு பாத்தா நடுவுல மணல் எவ்ளோ எறங்கியிருக்குன்னு தெரிஞ்சிடும். எமரின்னு ஒரு கடல் விஞ்ஞானி 1961ல எழுதின முறை, இன்னிக்கும் செல்லும். ஆஸ்திரேலியால ஒரு யுனிவர்சிட்டிக்காரங்க 2017ல பீச்சுல செல்போன் வைக்க ஒரு ஸ்டாண்டு மட்டும் நட்டு வச்சாங்க, நடந்து போறவங்க எல்லாம் அதே கோணத்துல போட்டோ எடுத்து அனுப்பறாங்க, அத வச்சே கரை எவ்ளோ நகருதுன்னு கணக்கு போடறாங்க. கோஸ்ட்ஸ்னாப்னு பேரு. குப்பத்து பத்தாவது பசங்களே செய்வாங்க, ஆனா வருஷக்கணக்கா டேட்டாவ ஒரே எடத்துல சேத்து வைக்க ஒரு நிரந்தர இடம் வேணும், அது நீங்க மட்டும்தான் குடுக்க முடியும்.

இன்னும் இருக்கு. பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கற அக்காங்க கை அந்தக் கொட்டை எண்ணெயில வெந்து போயி கெடக்கு, அதுக்கு ஒரு மலிவான கையுறையோ கட்டரோ. மழை நாள்ல கருவாடு காய வைக்க ஒரு பெட்டி, விலை அவங்க கைக்கு எட்டறதா. இந்த வருஷம் வலையில ஏன் இவ்ளோ சொறி, அதான் ஜெல்லி மீன், விழுதுன்னு எங்காளுங்க கேக்கறாங்க, பரங்கிப்பேட்டையிலயே கடல் உயிரியல் மையம் இருக்கு, பஸ் ஏறினா போயிடலாம், ஆனா கேள்விய எந்தக் கையில குடுக்கறதுன்னு தெரியல.

திறந்து வைக்கறதப் பத்தி கொஞ்சம் சொல்லணும். என் கடையில ஆர்டினோ போர்டு இவ்ளோ மலிவா கெடைக்குதுன்னா காரணம் 2005ல இத்தாலில இவ்ரியாங்கற ஊர்ல ஒரு டிசைன் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க அத பண்ணி, வரைபடத்த யாரு வேணா காப்பி பண்ணலாம்னு விட்டதுதான். உங்க பசங்க எல்லாம் அடுத்தவன் திறந்து வச்சத எடுத்து ப்ராஜெக்ட் பண்றாங்க, பண்ணினத மட்டும் பீரோல பூட்டிடறீங்க, இது என்ன நியாயம். பக்கத்துலயே பாருங்க, புதுச்சேரி பிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட், 1955ல இருந்து இருக்கறது, இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்ல ஒரு பங்காளி. யாரு வேணா செடி போட்டோ போடலாம், தெரிஞ்சவங்க பேர் சொல்லுவாங்க, எல்லாம் மத்தவங்களும் எடுத்து பொழங்கலாம்ங்கற க்ரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல. அதே மாதிரி ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் கோடு, சர்க்யூட், டேட்டா, எது வேலை செய்யலைங்கறது உட்பட, ஒரு பொது எடத்துல ஏறணும், அதோட தமிழ்ல ஒரு பக்கம் எழுதி கேள்வி கேட்ட ஊருக்கு குடுக்கணும். அந்த ஒரு பக்கம் குடுத்தாதான் வைவாவே வைக்கணும்னு ஒரு ரூல் போடுங்களேன், பாதி ப்ராஜெக்ட் சென்டர் மூடிடும்.

அதுக்குன்னு எல்லாத்தையும் திறந்து போட்டுடாதீங்க. ஜிபிஎஸ் ரிப்பேருக்கு குடுக்கும்போது எங்க ஆளுங்க சத்தியம் வாங்கிட்டுதான் குடுப்பாங்க, பாயிண்ட்ட யார்கிட்டயும் காட்டாதன்னு. கடலுக்கு அடியில எந்தப் பார்ல, அதான் பாறைத் திட்டுல, மீன் நிக்கும்ங்கறது அவங்க அப்பா தாத்தா காலத்துல இருந்து சேத்த சொத்து. ஒரு பையன் ஆர்வத்துல அத மேப்ல போட்டு உலகத்துக்கே குடுத்தான்னா அடுத்த வாரம் பெரிய படகுங்க வந்து வாரிட்டு போயிடும். எது பொது, எது ஊரோடதுன்னு ஊர்க்கூட்டத்துல கேட்டு எழுதி வாங்கிட்டு தொடங்குங்க. சுனாமிக்கு அப்புறம் எங்க குப்பங்கள்ல சர்வே எடுக்காதவங்க கிடையாது, ஃபார்ம் நிரப்பி நிரப்பி ஓஞ்சு போயிட்டாங்க, எந்த ஃபார்மும் திரும்பி வந்து எங்களுக்கு ஒண்ணும் சொல்லல. அந்தக் கோவம் இன்னும் இருக்கு, மொத தடவ வரும்போது நாலு வார்த்த கேட்டுக்க வேண்டியிருக்கும்.

திட்டம் ஏற்கனவே இருக்கேன்னு சொல்லுவீங்க. இருக்கு, 1969ல இருந்து என்எஸ்எஸ், 2014ல இருந்து உன்னத் பாரத் அபியான், அதுல ஒரு காலேஜ் அஞ்சு கிராமம் எடுத்துக்கணும். அதுல மனசு வச்சு செய்யற வாத்தியாருங்களும் இருக்காங்க, அவங்களுக்கு கும்புடு. ஆனா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் பேனர், மரக்கன்னு, குரூப் போட்டோ, காலேஜுக்கு தரச் சான்று குடுக்கற நாக் அமைப்புக்கு காட்டற ஃபைல்ல சொருகறதோட முடிஞ்சிடுது, கேம்ப் ஏழு நாள்தான், எட்டாவது நாள் மரக்கன்னுக்கு தண்ணி ஊத்த ஆள் இல்ல. வாத்தியாருக்கும் கஷ்டம் இருக்கு, ப்ரமோஷனுக்கு ஜர்னல் பேப்பர் கேக்கறீங்க, ஊருக்கு ஒரு விடை சொன்னதுக்கு பாயிண்ட் இல்ல. அத மாத்தற அதிகாரம் உங்ககிட்ட எவ்ளோ இருக்கோ அவ்ளோவாச்சும் மாத்துங்க. மொதல்ல ஒரே ஒரு டிபார்ட்மென்ட், ஒரே ஒரு ரூம், ரோட்டப் பாத்த மாதிரி கதவு, வாரத்துல ஒரு நாள் மத்தியானம் ஒரு ஆள் உக்காந்து கேள்விய நோட்டுல எழுதிக்கிட்டா போதும். எந்தக் கேள்விய எடுத்தோம், எத எடுக்கல, ஏன் எடுக்கலன்னு வெளிய போர்டுல எழுதிப் போடுங்க. முடியாதுன்னு சொன்னாகூட எங்காளுங்க ஏத்துப்பாங்க, பதிலே இல்லாததுதான் பிரச்சன.

ஏழாவது செமஸ்டர் தொடங்கினதும் டைட்டில் சப்மிட் பண்ணச் சொல்லுவீங்க. அதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழம எச்ஓடிங்க ரெண்டு மூணு பேர் துறைமுகம் பக்கம் வாங்க, பசங்களையும் கூட்டிட்டு வாங்க. காலைல வேணாம், ஏலம் நடக்கும், ஒருத்தரும் நின்னு பேச மாட்டாங்க. மூணு மணிக்கு மேல வலை பின்னிட்டு சும்மா உக்காந்திருப்பாங்க, அப்ப வந்தா சரியா இருக்கும். கேமரா, பேனர் வேணாம், ஒரு நோட்டு போதும். டீ என் கணக்கு.

இப்படிக்கு,
கடலூர் ஓ.டி. சர்வீஸ் கடைக்காரன்